கொத்தனாரைக் கேள்வி கேட்கலாமா?

காலையில் அடுப்பைப் பற்ற வைத்தால் பத்து மணி வரை நம் கைக்கு ஓய்வில்லை. ஆனால் காது? அது பாவம், சும்மாதானே இருக்கிறது! சிலர் சுப்ரபாதம் போடுகிறார்கள், சிலர் பழைய சினிமாப் பாட்டு. என் செல்போனில் சமீப காலமாக ஓடுவது கட்டட வேலையைப் பற்றிய பேச்சு. கம்பி, ஜல்லி, கான்கிரீட், பாலம், அஸ்திவாரம்... "இதென்ன கூத்து, சாம்பார் கொதிக்கிற இடத்தில் சிமெண்ட் வாசனை?" என்று நீங்கள் மூக்கின் மேல் விரலை வைப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

முதலில் இந்த 'பாட்காஸ்ட்' என்பது என்ன என்று தெரியாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வானொலி நிகழ்ச்சி மாதிரிதான் இதுவும். ஆனால் இத்தனை மணிக்கு என்று காத்திருக்க வேண்டாம். செல்போனில் தேடி எடுத்து, வேண்டும்போது கேட்கலாம், குழந்தை அழுதால் நிறுத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2004-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதியவர் போகிற போக்கில் வைத்த பெயர் இது, அதுவே நிலைத்துவிட்டது. தமிழில் வலையொலி என்கிறார்கள். காசு கொடுக்காமல் கேட்கக் கூடியவை நிறைய இருக்கின்றன.

காதால் கேட்டு ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குத் தஞ்சாவூர்க் கதை ஒன்று உண்டு. 1966 வாக்கில் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தபோது, திருச்சி வானொலி தன் பண்ணை நிகழ்ச்சியில் அதை எப்படி விதைப்பது, எப்போது உரம் போடுவது என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்டவர்கள் விதைத்தார்கள். கடைசியில் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது. வயலைக் காதால் கற்றார்கள் என்றால் வீட்டைக் கற்கக் கூடாதா?

நமக்கு எதற்கு அந்த வம்பு, அதுதான் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இஞ்சினீயர் இருக்கிறாரே என்று சொல்லலாம். யோசித்துப் பாருங்கள். வீடு கட்டுகிற ஆறேழு மாதமும் அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். இஞ்சினீயர் வாரத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்ப்பார். மணல் லோடு வந்தால் நின்று பார்த்து இறக்குவது யார்? பதினொரு மணிக்கு டீயும் வடையும் கொண்டுபோவது யார்? சாயங்காலம் சுவருக்குத் தண்ணி விடுவது யார்? எல்லாம் நாம்தான். ஆனால் ஒரு சந்தேகம் கேட்டால் மட்டும், "சார் வரட்டும்மா, அவர்கிட்டே பேசிக்கறேன்" என்று பதில் வரும். கேள்வியைச் சரியான வார்த்தையில் கேட்கத் தெரியாததுதான் இதற்குப் பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம். அந்த வார்த்தைகளை இந்த நிகழ்ச்சிகள் கொடுக்கின்றன.

லண்டன் பி.பி.சி. வானொலியில் டிம் ஹார்ஃபோர்ட் என்ற பொருளாதார எழுத்தாளர், நவீனப் பொருளாதாரத்தை உருவாக்கிய 50 விஷயங்கள் என்று ஒரு தொடரை 2016-ல் ஆரம்பித்தார். அதில் ஒரு நாள் கான்கிரீட். கோபுரங்களையும் அணைகளையும் பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தால், மனிதர் மெக்சிகோ நாட்டில் ஏழைகள் வீட்டு மண் தரையில் போய் நிற்கிறார்! அங்கே கோஹ்விலா என்ற மாநிலத்தில் 2000-த்தையொட்டி அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. 'பிசோ ஃபிர்மே', அதாவது உறுதியான தரை என்று பெயர். பணம் கொடுக்கவில்லை, அரிசி பருப்பு கொடுக்கவில்லை. வீட்டுக்கு 150 டாலர் மதிப்புள்ள கான்கிரீட்! கலவை லாரி தெருவோடு வந்து வாசலில் நிற்கும். கலவையை உள்ளே கொட்டும். வீட்டார் பரப்பிச் சமன் செய்துகொள்ள வேண்டியது.

இதன் பலனை ஆராய்ந்தவர்கள் 2009-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். முழுக்க மண் தரையாக இருந்த வீடு முழுக்க சிமெண்ட் தரையானால், சின்னக் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சித் தொல்லை 78 சதவீதம் குறைகிறது. வயிற்றுப்போக்கு 49 சதவீதம். ரத்தசோகை 81 சதவீதம். மண்ணில் கிடக்கும் பூச்சி முட்டை, தவழ்கிற குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது, வயிற்றில் குடியேறி ரத்தத்தைக் குறைக்கிறது. தரை மாறினால் அந்த வழி அடைபடுகிறது. அம்மாக்களின் மனச்சோர்வும் குறைந்தது என்று அதே ஆராய்ச்சி சொல்கிறது. நமக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டுமா என்ன? பெருக்கப் பெருக்கப் புழுதி வரும் தரையோடு மல்லுக்கட்டிய எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு கதை. ரோமன் மார்ஸ் என்ற அமெரிக்கர் 2010 முதல் நடத்தும் 'நைன்டி நைன் பர்சென்ட் இன்விசிபிள்' என்ற நிகழ்ச்சியில் 2014-ல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத 99 சதவீதம் என்று அர்த்தம். கட்டடங்களும் நாம் புழங்கும் பொருள்களும் ஏன் இப்படி இருக்கின்றன என்று சொல்லும் நிகழ்ச்சி.

நியூயார்க்கில் சிட்டிகார்ப் வங்கிக்காக 1977-ல் 59 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. மனையின் ஒரு மூலையில் ஒரு பழைய சர்ச். அந்த இடத்தைச் சர்ச்சுக்கே விட்டுவிட்டு, அதற்கு மேலே ஆகாயத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மூலையில் தூண் வைத்தால் சர்ச்சை இடிக்கும் என்பதால், நான்கு பெரிய தூண்களையும் நான்கு பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒன்பது மாடி உயரம். நாற்காலியின் கால்களை மூலையில் வைக்காமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் வைத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. வடிவமைத்த இஞ்சினீயர் வில்லியம் லெமெஷ்யூரியர் பெரிய பெயர் பெற்றவர்.

1978-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டயான் ஹார்ட்லி என்ற பெண், தன் படிப்புக்காக இந்தக் கட்டடத்தைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். காற்று நேராக அடித்தால் கட்டடம் தாங்கும், சரி, மூலைவாட்டில் அடித்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தாள், சுமை கூடுதலாக வந்தது. இஞ்சினீயர் அலுவலகத்தைக் கேட்டாள். கட்டடம் பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்தது. படிக்கிற பெண்தானே, அதை ஏற்றுக்கொண்டு கட்டுரையை முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் அதே வருஷம் லெமெஷ்யூரியர் தானே மறுபடி கணக்குப் போட்டார். ஒரு மாணவர் போனில் கேட்ட கேள்விதான் தன்னை உட்கார வைத்தது என்று பிற்காலத்தில் சொன்னார். பெயர் ஞாபகமில்லை என்றும் சொன்னார். (அந்த மாணவர் ஹார்ட்லி இல்லை, வேறொருவர் என்றும் பின்னால் ஒரு பேச்சு வந்தது. அதைத் தீர்ப்பது நம் வேலை இல்லை.) கணக்கைப் பார்த்தவருக்கு வயிற்றில் புளி கரைத்தது. இரும்புச் சட்டங்களின் மூட்டுகளைப் பற்றவைக்க வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம். செலவு மிச்சம் என்று போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள். மூலைவாட்டுக் காற்றும் இந்த போல்ட்டும் சேர்ந்தால், பெரும் புயலில் கட்டடம் சாய்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

அப்புறம் நடந்தது சினிமா மாதிரி இருக்கிறது. பகலில் ஆபீஸ் வழக்கம் போல நடந்தது. இரவில் எல்லோரும் போன பிறகு வெல்டர்கள் வந்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகளில் இரண்டு அங்குல கனமுள்ள இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். நடுவில் எல்லா என்ற புயல் கிளம்பி, நல்லவேளையாகக் கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அந்தச் சமயம் நியூயார்க் பத்திரிகைகளில் வேலை நிறுத்தம். அதனால் விஷயம் வெளியே கசியவில்லை. 1995-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்த பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. ஹார்ட்லியே பின்னால் டி.வி.யில் ஒரு படத்தைப் பார்த்துத்தான், தான் கேட்ட கேள்விக்கு இத்தனை அர்த்தம் இருந்ததா என்று அறிந்தாளாம்! ஆபத்து எவ்வளவு பெரியது என்பதில் நிபுணர்களுக்குள் இன்றைக்கும் வாதம் இருக்கிறது. எனக்கு அது முக்கியமில்லை. பெரிய இஞ்சினீயரும் ஒரு கேள்வியைக் கேட்டு மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட்டாரே, அதுதான் முக்கியம்.

நம் பக்கத்தில் அப்படி யாரும் கேட்டார்களோ இல்லையோ, சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ம் தேதி மழை பெய்துகொண்டிருந்த மாலையில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த தொழிலாளர்கள். அதற்கு முன்னால் எத்தனை பேர் அந்தப் பக்கமாக நடந்து போயிருப்பார்கள்!

சரி, கதை போதும். நம் வீட்டுக்கு வருவோம். என் நாத்தனார் திருச்சிக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறாள். மேல் தளம் போடும் நாளில் நானும் போயிருந்தேன். கலவை மிஷின் ஓடுகிறது. கலவை கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்ததும் ஒரு ஆள் குடத்துத் தண்ணியை அப்படியே கவிழ்க்கிறான். நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "அண்ணி, நீங்க சொன்னது இதானே? சொன்னா மேஸ்திரி சண்டைக்கு வருவாரு."

"சொல்லாதே, கேளு" என்றேன்.

"ஏன் மேஸ்திரி, மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணி கணக்கு?" என்று கேட்டாள். மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கு என்னம்மா கணக்கு, கை சொல்லும். தளர இருந்தாத்தான் கம்பிக்குள்ளே இறங்கும்." அவள் விடவில்லை. "வைப்ரேட்டர் வெச்சா கெட்டியா இருந்தாலும் இறங்குமாமே?" மேஸ்திரி சிரித்துவிட்டார். "இஞ்சினீயருக்குப் படிச்சீங்களாம்மா?" அவர் கெட்ட மனிதர் இல்லை, முப்பது வருஷத் தொழில்காரர். இஞ்சினீயருக்குப் போன் போயிற்று. அரை மணியில் வாடகை வைப்ரேட்டர் வந்தது. குடம் ஓரமாகப் போயிற்று.

இந்தத் தண்ணி விஷயம் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் பாதி வீடு தெரிந்த மாதிரி. கலக்கும்போது கஞ்சத்தனம் வேண்டும். கலந்து போட்ட பிறகு தாராளம் வேண்டும். கேட்க முரணாக இருக்கிறது அல்லவா? கலவையில் சிமெண்டுக்குத் தேவையான தண்ணி 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 25 முதல் 30 லிட்டர்தான். மணல் ஈரமாக இருந்தால் அதிலுள்ள தண்ணியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அதற்கு மேல் ஊற்றுவது பின்னால் ஆவியாகிப் போய், போன இடத்தில் நுண்ணிய துளைகளை விட்டுவிடும். நீர்த்த மாவில் இட்லி வார்த்த கதைதான்! தளம் வலு குறையும், மழைக்கு ஒழுகும்.

போட்ட பிறகு கதை வேறு. கான்கிரீட் 'காய்வது' இல்லை. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து ரசாயன மாற்றம் அடைந்து இறுகுகிறது. தண்ணீருக்கு அடியில் கூட இறுகும்; இல்லாவிட்டால் ஆற்றுப் பாலத்துக்குத் தூண் எப்படி வந்தது? போட்ட கொஞ்ச நேரத்தில் தொட்டுப் பார்த்தால் சூடாக இருப்பது அந்த மாற்றத்தால்தான். ஆரம்ப நாட்களில் ஈரம் போய்விட்டால் மாற்றம் பாதியில் நிற்கும், அப்புறம் எத்தனை தண்ணி விட்டாலும் முழு வலு வராது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 456-ம் எண் விதிநூல் (2000-ம் வருஷத்துப் பதிப்பு) சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது கடைகளில் அதிகம் விற்கும் பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது. வறண்ட வெயில் ஊர்களில் எந்தச் சிமெண்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டினால் நல்லது என்கிறது. காலையும் மாலையும் ஒரு தெளி தெளித்துவிட்டு வருவது இதில் சேராது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்கள். தூணுக்கு ஈரச் சாக்கைச் சுற்றுங்கள்.

பாத்தித் தண்ணியை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இறக்கிவிட்டு மாற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். தளத்துக்கு வலு சேர்க்கப் போய்க் குழந்தைக்குக் காய்ச்சலை வாங்கி வரக் கூடாது.

இன்னும் சில கேள்விகள். கம்பிக்கு அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். சென்ட்ரிங் பலகையிலிருந்து கம்பி 20 மில்லிமீட்டராவது தூக்கி நிற்க வேண்டும், தூணில் 40. இதற்கென்று கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகள் விற்கின்றன. பலர் கையில் கிடைத்த ஜல்லியைச் சொருகுவார்கள். ஆள் மிதித்ததும் அது நழுவி, கம்பி பலகையில் படுத்துவிடும். பழைய வீடுகளில் விட்டத்துப் பூச்சு பொத்தென்று விழுந்து துருக் கம்பி பல்லை இளிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே இருப்பதைத் தள்ளும்.

முட்டுப் பிரிப்பதிலும் அவசரம் வேண்டாம். சென்ட்ரிங் சாமானுக்கு வாடகை ஓடுகிறது என்று நான்காம் நாளே கழற்றப் பார்ப்பார்கள். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது அதே விதிநூல் சாதா சிமெண்டுக்குச் சொல்லும் குறைந்தபட்சம். உத்திரத்துக்கு 14 நாள், ஆறு மீட்டருக்கு மேல் நீண்டால் 21. கலப்புச் சிமெண்ட் மெதுவாக வலு ஏறும், ஆகவே உங்கள் தளத்துக்கு எத்தனை நாள் என்பதை இஞ்சினீயர் வாயால் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். சிமெண்ட் மூட்டையில் எந்த வருஷம், எத்தனையாவது வாரம் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நமக்கு இது பெரிய காரியமா? மூன்று மாதம் தாண்டியது என்றால் வேண்டாம்.

நிகழ்ச்சிகளைப் பொறுக்கி எடுப்பதிலும் ஜாக்கிரதை தேவை. கட்டடத் தொழில் என்ற பெயரில் வருவதில் பாதி, கான்டிராக்டர் எப்படி லாபம் சம்பாதிக்கலாம் என்று கான்டிராக்டர்களுக்கே சொல்வது. அது நமக்கு உபயோகப்படாது. கேட்டால் கொஞ்சம் கோபம்தான் வரும். சில நிகழ்ச்சிகளில் பேசுகிறவரே ஒரு சிமெண்டையோ டைல்ஸையோ விற்கிறவராக இருப்பார். வாய்க்கு வாய் ஒரே கம்பெனி பெயர் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க நிகழ்ச்சியில் வீடு என்றால் பெரும்பாலும் மரச் சட்டத்தில் எழுப்பிய வீடு. அவர்கள் கவலை பனிக் குளிர். நமக்கோ வெயிலும் கரையானும் உப்புத் தண்ணியும். அந்த ஊர் யோசனையை இங்கே கொத்தனாரிடம் அப்படியே ஒப்பிக்காதீர்கள். தமிழிலும் இஞ்சினீயர்கள் பேசுகிற நிகழ்ச்சிகள் வருகின்றன; ஒன்றைக் கேட்டால், அதே விஷயத்தை இன்னொருவரும் அப்படித்தான் சொல்கிறாரா என்று பாருங்கள். நாமாகக் கலவை விகிதத்தை மாற்றச் சொல்வது, கம்பியைக் குறைக்கச் சொல்வது கூடவே கூடாது. அது படித்தவர்கள் பொறுப்பு. கேட்பது நம் பொறுப்பு.

இத்தனை நிகழ்ச்சிகளிலும் சித்தாள் பேசிக் கேட்டதில்லை. இது எனக்கு மனக்குறைதான். நம் ஊரில் ஜல்லியும் மணலும் தலையில் சுமப்பது பெண். கரண்டி பிடிப்பது ஆண். இருபது வருஷம் வேலை செய்தாலும் அவள் சித்தாள்தான், கொத்தனார் ஆவது அபூர்வம். ஜார்க்கண்டில் கிராமங்களில் கழிப்பறை கட்டும் வேலைக்காகப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக் கொடுத்தார்கள். அவர்களை 'ராணி மிஸ்திரி' என்கிறார்கள். பெயரைக் கேட்டாலே சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் வீட்டு வேலைக்கு வரும் சித்தாளின் கையைப் பாருங்கள். ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரித்துவிடும். ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், கழுவ ஒரு வாளி நல்ல தண்ணியும் பெரிய செலவில்லை. கைக்குழந்தையோடு வந்தால் மணல் குவியலில் படுக்க வைக்காமல் நிழலான இடம் ஒதுக்குங்கள். 1969-ல் டெல்லியில் மீரா மகாதேவன் என்ற அம்மையார் கட்டட வேலை நடக்கும் இடத்தில் புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்து, அங்கேயே ஒரு காப்பகம் ஆரம்பித்தார். அதுதான் 'மொபைல் கிரீச்சஸ்' என்று வளர்ந்தது.

நம் மாநிலத்தில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பேறுகாலத்துக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு உதவி, வயதானால் ஓய்வூதியம். நாத்தனார் வீட்டில் மூன்று சித்தாள்கள் வேலை செய்கிறார்கள். தளம் போட்ட அன்று சாப்பாடு பரிமாறும்போது, வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டோம். ஒருத்தியிடம் இருந்தது, புதுப்பிக்காமல். மற்ற இருவரும், "அதெல்லாம் கொத்தனாருங்களுக்குத்தானேம்மா?" என்றார்கள். வேலை இல்லாத ஒரு நாளில் நாத்தனார் மூவரையும் ஆதாரோடும் குடும்ப அட்டையோடும் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள்.